கான்ஸ்டாண்டிநோபிள் வீழும் முன்பே கிளம்பிய கப்பல்கள்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



'ஐரோப்பியர் இந்தியாவுக்குப் புதிய கடல்வழி தேடியதற்குக் காரணம் என்ன?' இந்தக் கேள்வியை உங்களில் பலர் எத்தனையோ வினாத்தாள்களில் கேட்டிருப்பீர்கள். விடையும் எல்லோருக்கும் மனப்பாடம். 1453-இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள். கிழக்கே போகும் வழி அடைபட்டது. மிளகும் மற்ற வாசனைப் பொருள்களும் கிடைக்காமல் ஐரோப்பா தவித்தது. ஆகவே கடல்வழி தேடினார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து சேர்ந்தார். இரண்டு மதிப்பெண் உறுதி. பள்ளித் தேர்விலிருந்து போட்டித் தேர்வுக் கையேடு வரை இந்த விடைக்கு அழிவே இல்லை.

அதில் உள்ள ஆண்டுகள் எல்லாம் சரி. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று முடிச்சுப் போட்டதுதான் தவறு.

இது யாரோ நேற்றுச் சொன்ன மறுப்பு இல்லை. 1915-லேயே ஆல்பர்ட் லைபையர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ஒட்டோமான் துருக்கியரையும் கீழைத்தேச வணிக வழிகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துருக்கியர் வழியை அடைத்திருந்தால் ஐரோப்பியச் சந்தையில் மிளகு விலை எகிறியிருக்க வேண்டும் அல்லவா? விலைப் பதிவுகளைப் புரட்டினார். 1453-க்கும் வாஸ்கோ ட காமாவின் பயணத்துக்கும் நடுவில் அப்படி ஓர் ஏற்றமே தென்படவில்லை. கட்டுரை வெளிவந்து நூறாண்டு தாண்டிவிட்டது. கையேடுகளின் காதில் அது இன்னும் விழவில்லை.

வகுப்பறையில் தொங்கும் உலகப் படத்தைக் கொண்டே இதை விளக்கிவிடலாம். மலபார் மிளகு ஐரோப்பாவுக்குப் போன முக்கியப் பாதை கான்ஸ்டாண்டிநோபிளைத் தொடவே இல்லை. கோழிக்கோட்டில் ஏற்றிய மூட்டை அரபிக்கடலைக் கடந்து செங்கடலுக்குள் நுழையும். ஜித்தாவில் கைமாறும். கெய்ரோ வந்து, நைல் நதியோடு இறங்கி அலெக்சாண்டிரியா சேரும். அங்கே காத்திருக்கும் வெனிஸ் வணிகர்கள் விலைபேசி வாங்கித் தங்கள் கப்பலில் ஏற்றுவார்கள். பாதையின் கழுத்து எகிப்தில் இருந்தது. எகிப்தை ஆண்டவர்கள் மம்லுக் சுல்தான்கள். ஒட்டோமான் துருக்கியர் அவர்களைத் தோற்கடித்துக் கெய்ரோவுக்குள் நுழைந்த ஆண்டு 1517. வாஸ்கோ ட காமா மலபார் கரையில் இறங்கிப் 19 ஆண்டுகள் ஆன பிறகு!

1453-இல் மிளகு வழியை மறிக்கக்கூடிய இடத்திலேயே துருக்கியர் இல்லை. இருந்திருந்தாலும் எதற்கு மறிக்கப்போகிறார்கள்? சுங்கம் கொட்டும் வழியை எந்த அரசன் மூடுவான்? கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்த மறு ஆண்டே, 1454-இல், வெனிஸ் நகரம் துருக்கிய சுல்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் கப்பல்கள் கிளம்பிய காலத்தில் இருக்கிறது. போர்த்துகல் ஆப்பிரிக்காவின் வடகரையில் இருக்கும் சியூட்டா நகரைப் பிடித்தது 1415 ஆகஸ்டில். மதீரா தீவில் குடியேறத் தொடங்கியது 1420 வாக்கில். ஆப்பிரிக்க மேற்குக் கரையில் பொஜதோர் முனையை ஜில் இயானஸ் தாண்டியது 1434-இல். கான்ஸ்டாண்டிநோபிள் விழுவதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்ட ஒரு முயற்சிக்கு, கான்ஸ்டாண்டிநோபிள் எப்படிக் காரணமாகும்? பத்தாம் வகுப்புப் பிள்ளை யாராவது எழுந்து இதைக் கேட்டுவிட்டால் கையேட்டில் பதில் கிடையாது.

அப்படியானால் எதைத் தேடிப் போனார்கள்? முதலில் தங்கம்.

1375-இல் மயோர்க்கா தீவில் ஆபிரகாம் கிரெஸ்கஸ் என்ற யூத வரைஞர் தயாரித்த கட்டலான் உலகப் படம் இப்போது பாரிஸில் பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஒரு கறுப்பின அரசர் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறார். தலையில் பொற்கிரீடம், கையில் உருண்டையாக ஒரு தங்கக் கட்டி. எதிரில் முகத்தை மூடிய ஒருவர் ஒட்டகத்தில் வருகிறார். அந்த அரசர் மாலி நாட்டு மன்சா மூசா. 1324-இல் அவர் ஹஜ் பயணத்தில் கெய்ரோ வழியாகப் போனபோது வாரி இறைத்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் மதிப்பே சரிந்தது என்று அரபு எழுத்தாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஐரோப்பியப் படத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்தச் செய்தி எவ்வளவு தூரம் பரவியிருக்க வேண்டும்! அதே படத்தின் ஓரத்தில் ஒரு சிறு கப்பலும் உண்டு. 1346-இல் 'தங்க நதி'யைத் தேடிப் புறப்பட்ட ஜவுமே ஃபெரர் என்பவருடைய கப்பல் அது. திரும்பிவந்ததாகச் செய்தி இல்லை.

ஐரோப்பாவில் அப்போது நாணயம் அடிக்கப் பொன்னும் வெள்ளியும் பஞ்சம். போர்த்துகல் சின்ன நாடு, பணமும் குறைவு. அண்டை நாடான கஸ்டீலுடன் சண்டை ஓய்ந்த பிறகு அங்கே பிரபுக் குடும்பத்து இளைஞர்களுக்குப் போரும் இல்லை, நிலமும் இல்லை. சியூட்டா சஹாரா தங்கம் கடல் தொடும் ஊர்களில் ஒன்று. அதைப் பிடித்தால் மதத்துக்கும் வெற்றி, பையும் நிறையும் என்று கணக்குப் போட்டார்கள். பிடித்தார்கள். வணிகக் கூட்டங்கள் பேசாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பிவிட்டன. கையில் எஞ்சியது கோட்டையும் அதைக் காக்கும் செலவும்தான். பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு, கடல் வழியாகவே தங்கம் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடலாமா என்ற யோசனைக்கு அப்போதுதான் வலு வந்தது. 1457-இல் ஆப்பிரிக்கத் தங்கத்தில் 'குருசாதோ' என்ற நாணயத்தைப் போர்த்துகல் அடித்து வெளியிட்டது. அந்தக் கணக்கு நாற்பது ஆண்டுக்குப் பின் தேறியது.

இங்கே இளவரசர் ஹென்றியைப் பற்றி ஒரு வார்த்தை. 'மாலுமி ஹென்றி' என்று பாடநூலில் படம் போடுகிறார்கள். மொராக்கோவைத் தாண்டி அவர் எந்தக் கடற்பயணமும் போனதில்லை. சாக்ரஸில் அவர் நடத்தியதாகச் சொல்லும் கடற்கலைப் பள்ளி பிற்காலத்தார் கட்டிய கதை. அவர் செய்தது முதலீடு: கப்பல்களுக்கு உரிமம் கொடுப்பது, வரும் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வது.

தொழில்நுட்பத்தைப் பாடநூல்கள் ஒரு வரியில் முடிக்கின்றன: திசைகாட்டி, விண்கோள் மானி, கேரவல் கப்பல். பொஜதோர் முனையில் மாலுமிகளைப் பயமுறுத்தியது இவை இல்லாத குறை இல்லை. தெற்கே போவது சுலபம். காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு போய்விடும். அதே காற்றை எதிர்த்துக் கரையோரமாக வடக்கே திரும்புவதுதான் பாடு. இதற்கு அவர்கள் கண்ட வழி துணிச்சலானது. வீட்டுக்குப் போக வேண்டுமானால் முதலில் வீட்டுக்கு எதிர்த்திசையில், நடு அட்லாண்டிக்குக்குள் வடமேற்காக வளைந்து போ. அங்கே மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துத் திரும்பு. பிற்பாடு கொலம்பஸ் திரும்பியதும் இந்தக் காற்றுச் சுழற்சியின் தயவில்தான். தென்பாதிக் கடலில் இதற்கு ஈடான வளைவை எடுத்துத்தான் வாஸ்கோ ட காமா மூன்று மாதம் கரை காணாமல் ஓடி நன்னம்பிக்கை முனைப் பக்கம் சேர்ந்தார்.

தங்கத்துக்காகப் போன கப்பல்கள் சீக்கிரமே வேறொன்றை ஏற்றிக்கொண்டு வந்தன.

1444 ஆகஸ்ட் 8. போர்த்துகலின் தென்கரையில் லாகோஸ் என்ற துறைமுக ஊர். லான்சரோத்தே என்பவர் தலைமையில் போன கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் பிடித்த 235 பேரை விடிகாலையில் ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் இறக்கினார்கள். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. ஐந்து பங்காகப் பிரிக்க வேண்டும். பங்குகள் சமமாக வேண்டும். ஆகவே அப்பன் ஒரு கூட்டத்தில், பிள்ளை இன்னொன்றில். கணவன் இங்கே, மனைவி அங்கே. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பெற்றவர்களைக் கட்டிக்கொள்ள, தாய்மார்கள் குழந்தைகளை மார்போடு அணைத்துத் தரையில் கிடந்து அடியை வாங்கிக்கொள்ள, பிரித்தவர்கள் திரும்பத் திரும்பப் பிரித்தார்கள். இளவரசர் ஹென்றி குதிரைமேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஐந்தில் ஒரு பங்கு 46 பேர். இதையெல்லாம் எழுதி வைத்தவர் எதிரி இல்லை. அரசவை வரலாற்றாளர் சுராரா. ஹென்றியைப் புகழ்வதற்கென்றே எழுதிய நூலில் இந்தக் காட்சி வருகிறது. கண்ணீர் வந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். ஆன்மாக்களுக்கு மோட்சம் கிடைக்குமே என்று அடுத்த பத்தியில் தேற்றிக்கொள்கிறார்.

இந்தக் காட்சி கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ச்சிக்கு ஒன்பது ஆண்டுகள் முந்தையது. 1452 ஜூனில் போப் ஐந்தாம் நிக்கோலஸ் போர்த்துகல் மன்னருக்கு ஓர் ஆணை கொடுத்தார்: கிறிஸ்தவர் அல்லாதாரை வெல்லலாம், நிலத்தைப் பிடிக்கலாம், அவர்களை நிரந்தர அடிமைகளாக்கலாம். அதுவும் 1453-க்கு முந்தியதுதான். 1455-இல் வந்த இன்னோர் ஆணை ஆப்பிரிக்கக் கரைப் பக்கத்து வணிகத்தைப் போர்த்துகலுக்கே தனியுரிமையாக்கியது.

1453-க்கு ஒரு பங்குமே இல்லை என்று இந்த மடல் வாதாடவில்லை. கருங்கடலில் துருக்கியர் கை ஓங்க ஓங்க, அங்கே தானியமும் அடிமைகளும் வாங்கி விற்றுவந்த ஜெனோவா வணிகர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. 1475-இல் காஃபா துறைமுகமும் போயிற்று. அவர்கள் பணமும் அனுபவமும் மேற்கே லிஸ்பனுக்கும் செவிலுக்கும் மதீராவின் கரும்புத் தோட்டங்களுக்கும் நகர்ந்தன. ஜெனோவாவில் பிறந்த கொலம்பஸ் லிஸ்பனில் பிழைக்க வந்ததும், மதீராவுக்குச் சர்க்கரை வாங்கப் போனதும் இந்த ஓட்டத்தில்தான். கான்ஸ்டாண்டிநோபிள் கதைக்குள் வருகிறது; ஆனால் மிளகு மூட்டையோடு வரவில்லை, சர்க்கரையோடும் அடிமைச் சந்தையோடும் வருகிறது.

அடுத்த கட்டம் முழுக்க வியாபாரம். 1469-இல் மன்னர் ஆப்பிரிக்கக் கரையை ஃபெர்னாவோ கோமஸ் என்ற லிஸ்பன் வணிகருக்குக் குத்தகைக்கு விட்டார். நிபந்தனை வேடிக்கையானது: குத்தகைப் பணம் தவிர, ஆண்டுக்கு 100 லீக் தூரம் புதுக் கரையைக் கண்டு சொல்ல வேண்டும். 1482-இல் இன்றைய கானா கரையில் எல்மினா கோட்டை எழுந்தது. தங்கம் ஒழுங்காக வரத் தொடங்கியது. இந்தியா என்ற எண்ணம் திட்டமாக உருப்பெற்றது இரண்டாம் ஜான் மன்னர் காலத்தில். 1487-இல் அவர் ஒரே நேரத்தில் இரண்டு வழியில் ஆள் அனுப்பினார். பார்த்தலோமியோ தியாஸ் கப்பலில் போய் 1488-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். பேரோ ட கோவில்யா வணிகர் வேடத்தில் கெய்ரோ, ஏடன் வழியாகக் கோழிக்கோடு வரையிலும் வந்து வேவு பார்த்தார். வழி அடைபட்டிருந்தால் அவர் எப்படி வந்திருப்பார்?

கொலம்பஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு ஏற்கெனவே பக்கம் அதிகம். ஒன்று மட்டும். அவர் பூமி உருண்டை என்று வாதாட, மற்றவர்கள் தட்டை என்று எதிர்த்தார்கள் என்ற கதையை வகுப்பில் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைப் பிரபலமாக்கியது 1828-இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய வாழ்க்கை வரலாறு. பூமி உருண்டை என்பது படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சண்டை சுற்றளவைப் பற்றியது. கொலம்பஸ் அதை மிகவும் குறைத்துப் போட்டிருந்தார். லிஸ்பன் அறிஞர்கள் தூரம் இதைவிடப் பல மடங்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் கணக்குத்தான் சரி. நடுவில் ஒரு கண்டம் குறுக்கே வந்ததால் கொலம்பஸ் உயிர் பிழைத்தார்.

இனி நம் பக்கத்துக் கரைக்கு வருவோம். 1498 மே மாதம் கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரமிட்ட வாஸ்கோ ட காமா, முதலில் கரைக்கு அனுப்பியது ஒரு தண்டனைக் கைதியை. போனால் போகட்டும் என்று. கரையில் அவருக்குக் கிடைத்தவர்கள் துனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவர். அவர்களுக்கு கஸ்டீலிய மொழியும் ஜெனோவா மொழியும் தெரியும்! இங்கே எதற்கு வந்து தொலைந்தாய் என்ற தோரணையில் அவர்கள் கேட்க, கிறிஸ்தவர்களையும் வாசனைப் பொருளையும் தேடி வந்தோம் என்று பதில் போயிற்று. உலகின் மறுகோடியைக் கண்டுபிடித்ததாக நினைத்தவர்கள், அங்கே ஐரோப்பிய மொழி பேசும் ஆளையே சந்தித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மலிந்தியிலிருந்து கடலைக் கடக்க வைத்த வழிகாட்டியும் உள்ளூர்க் கடலறிவு உள்ளவர்தான். அவர் புகழ்பெற்ற அரபு மாலுமி இப்ன் மாஜித் என்பதற்கு ஆதாரம் இல்லை; போர்த்துகீசிய வரலாற்றாளர்கள் குஜராத்தி என்றே எழுதினார்கள்.

பிறகு நடந்ததை மாணவர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டலாம். கோழிக்கோட்டு அரசர் சாமூதிரிக்கு வாஸ்கோ ட காமா எடுத்துவைத்த காணிக்கை: கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கை கழுவும் பாத்திரம் 6, சர்க்கரை ஒரு பெட்டி, எண்ணெய் 2 பீப்பாய், தேன் 2 பீப்பாய். பார்வையிட வந்த சாமூதிரியின் அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான். அரசருக்கு வைப்பதென்றால் பொன் வை என்றார்கள். சாமூதிரியும் விடவில்லை. கற்களைத் தேடி வந்தாயா, மனிதர்களைத் தேடி வந்தாயா? மனிதர்களை என்றால் வெறுங்கையோடு வருவானேன் என்று கேட்டார். கொண்டுவந்த சரக்கும் சந்தையில் போணியாகவில்லை. மாலுமிகள் போட்டிருந்த சட்டைகளைக்கூட விற்று, கொஞ்சம் கிராம்பும் பட்டையும் வாங்கினார்கள். இவ்வளவையும் பதிந்து வைத்தவர் அந்தக் கப்பலில் வந்தவர்களில் ஒருவர்தான். பருவக்காற்று தெரியாமல் திரும்பியதில், வரும்போது 23 நாளில் கடந்த கடலைக் கடக்க மூன்று மாதம் பிடித்தது. பல்லீறு வீங்கும் ஸ்கர்வி நோயில் ஆள்கள் செத்து விழுந்தார்கள். ஏறத்தாழ 170 பேர் புறப்பட்டு, மூன்றில் ஒரு பங்கினரே ஊர் சேர்ந்தார்கள்.

பின்னால் வந்த வன்முறைக்கு வேர் இந்தக் காணிக்கைத் தட்டில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் விற்பதற்கு அவர்களிடம் பெரிதாகச் சரக்கு இல்லை. இருந்தது கப்பலில் ஏற்றிய பீரங்கி. 1500-இல் 13 கப்பல்களோடு கிளம்பிய போர்த்துகீசியத் தளபதி கப்ரால், வழியில் பிரேசிலைத் தொட்டுவிட்டுக் கோழிக்கோடு வந்தார். தகராறில் போர்த்துகீசியர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட, அவர் நகரத்தின்மேல் குண்டு வீசிவிட்டுக் கொச்சிக்குப் போனார். 1502-இல் திரும்பிவந்த வாஸ்கோ ட காமா, மக்காவிலிருந்து பயணிகளோடு வந்த 'மீரி' கப்பலை மறித்தார். பணம் தருகிறோம், சரக்குத் தருகிறோம் என்று கெஞ்சியும் கேட்காமல், பெண்கள் குழந்தைகள் உட்பட சில நூறு பேரோடு அதை எரித்தார். 1509-இல் டையூ அருகே மம்லுக், குஜராத், கோழிக்கோட்டுக் கப்பல்கள் சேர்ந்து நின்றும் தோற்றன. 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா, 1515-இல் ஹோர்முஸ்.

அதற்கு முன் இந்தக் கடல் சாந்தமே உருவாக இருந்தது என்று சொல்லிக்கொடுப்பதும் பொய். 1025-இல் ராஜேந்திர சோழனின் படை ஸ்ரீவிஜயத் துறைமுகங்களைச் சூறையாடியது. நாம் அதைப் பெருமையாகத்தான் பாடம் நடத்துகிறோம். சீனத் தளபதி செங் ஹே 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெரும் கப்பற்படையோடு வந்தவர். இலங்கையில் காலி நகரில் கிடைத்த அவருடைய 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை வைக்கிறது. அதே செங் ஹே சிறிது காலத்துக்குள் இலங்கைத் தலைவன் ஒருவனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். ஆனால் கடலில் ஓடும் ஒவ்வொரு கப்பலும் எங்களிடம் சீட்டு வாங்க வேண்டும், இல்லையேல் பறிமுதல் என்று சட்டம் போட்டவர் அதுவரை யாரும் இல்லை. 'கர்தாஸ்' என்ற அந்தச் சீட்டுத்தான் போர்த்துகீசியர் கொண்டுவந்த புதுமை. அக்பரின் அத்தை குல்பதன் பேகமே 1570-களில் ஹஜ்ஜுக்குப் போக இந்தச் சீட்டுக்காகச் சூரத்தில் காத்துக்கிடக்க நேர்ந்தது.

அந்தப் பீரங்கிக்கும் ஓர் எல்லை இருந்தது. கடலோரக் கோட்டைகளுக்கு அப்பால் அவர்கள் கை நீளவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் செங்கடல் வழி மிளகு வணிகம் மறுபடி தலையெடுத்து, வெனிஸ் பழைய அளவுக்கு வாங்கியது. அந்த வழி அப்போது யார் கையில்? துருக்கியர் கையில்! அடைத்தார்கள் என்று நாம் குற்றம் சாட்டுகிறவர்களின் ஆட்சியில்தான் அந்தப் பழைய வழி பிழைத்தது.

தமிழர்கள் இந்தக் கதையில் வெறும் பார்வையாளர்கள் இல்லை. மலாக்காவில் சோழமண்டலக் கரை வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் போர்த்துகீசிய ஆவணங்கள் 'நினா சட்டு' என்று எழுதுகின்றன. 1509-இல் அங்கே சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு அவர் உதவினார். 1511-இல் நகரைப் பிடித்த போர்த்துகீசிய ஆளுநர் அல்புகர்க் அவரைப் பெரும் பதவியில் அமர்த்தினார். 1514-இல் அந்தப் பதவியைப் பிடுங்கிக் கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் அவர் தீமூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் முஸ்லிம் வணிகர்களோடு ஏற்பட்ட பகையில் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535-37 காலத்தில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த மக்களுக்காக என்ரிக்கே என்ரிக்கஸ் பாதிரியார் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. 1560-இல் மன்னார் போர்த்துகீசியர் கைக்குப் போயிற்று. 1619-இல் யாழ்ப்பாண அரசே முடிந்தது. ஒரே வருகையின் விளைவுகள்தாம் இவ்வளவும். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பட்டியல் போட்டுப் பிரிக்க முயன்றால் மாணவர்கள் குழம்பித்தான் போவார்கள்.

ஆனாலும் விளைவுகளில் பெரும்பங்கு இந்தியப் பெருங்கடலில் இல்லை, அட்லாண்டிக்கில் இருக்கிறது. நம் பாடங்கள் அதை ஓரமாக வைக்கின்றன. மிளகுக்காகத்தான் உலகமே கிளம்பியது என்பதில் நமக்கு ஒரு பெருமை; 1453 விடை சாகாமல் இருப்பதற்கு அந்தப் பெருமையும் காரணம் என்றே தோன்றுகிறது. கொலம்பஸ் இறங்கிய கரீபியத் தீவுகளில் எஸ்பான்யோலாவின் தைனோ மக்கள் 1514 கணக்கெடுப்பில் சுமார் 26,000 பேராகக் குறைந்திருந்தார்கள். கட்டாய வேலையும் பசியும் கொன்றது போக, 1518 இறுதியில் பெரியம்மை வந்தது. 1520-இல் அது மெக்சிகோவுக்குத் தாவி, அஸ்டெக் அரசர் குயித்லாவாக்கை அரியணை ஏறிய மூன்று மாதத்துக்குள் கொன்றது. மறு ஆண்டு ஆகஸ்டில் தலைநகர் விழுந்தது. 1545-இல் பொட்டோசி மலையில் வெள்ளி கிடைத்தது. அந்த வெள்ளிதான் சீனப் பட்டுக்கும் சோழமண்டலத் துணிக்கும் விலையாகக் கீழைக்கடல் வரை ஓடிவந்தது. மிளகாய், மரவள்ளி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, நிலக்கடலை இடம் மாறிய கதையை உங்கள் மாணவர்கள் ஏற்கெனவே அறிவார்கள்.

கரும்பும் இடம் மாறியது. மதீராவிலிருந்து சாவோ தோமே தீவுக்கு, அங்கிருந்து பிரேசிலுக்கு. தோட்டம் போன இடமெல்லாம் அடிமைக் கப்பலும் போயிற்று. லாகோஸில் 235 பேரோடு பகிரங்கமாகத் தொடங்கிய வணிகம், பின்வந்த நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்க ஏற்றியது ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேரை. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். பாக்கி 18 லட்சம் பேர் கடலிலேயே போனார்கள். இந்த எண்கள் கப்பல் கப்பலாக ஆவணங்களைத் திரட்டி ஆய்வாளர்கள் கணித்தவை. நம் மாணவர்கள் கான்ஸ்டாண்டிநோபிளின் ஆண்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். இந்த எண்களில் ஒன்றாவது தெரிந்த பிள்ளையைப் பார்ப்பது அரிது.

துருக்கியர் கதவை அடைத்தார்கள், பாவம் ஐரோப்பியர் வேறு வழியில்லாமல் கடலேறினார்கள் என்ற விடையில் இன்னொரு கோளாறும் உண்டு. முதலீடு போட்டவர், பங்கு எடுத்தவர், ஆணை எழுதிக் கொடுத்தவர் எல்லோரும் அதில் காணாமல் போய்விடுகிறார்கள். பழி மட்டும் கதையில் இல்லாத ஒரு சமூகத்தின் தலையில் விழுகிறது.

பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை, நேரமும் இல்லை. தேர்வில் வரும் விடையை மாற்றிச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பணயம் வைக்கவும் முடியாது. அது இந்த மடலுக்குத் தெரியும். கேட்பது ஒரு பாடவேளைதான். அடுத்த முறை அந்தப் பாடம் வரும்போது 1415, 1434, 1444, 1453, 1498, 1517 என்ற ஆறு ஆண்டுகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, பாடநூல் விடை இந்த வரிசைக்குப் பொருந்துகிறதா என்று பிள்ளைகளையே கேளுங்கள். உங்களில் வினாத்தாள் தயாரிக்கும் குழுவில் இருப்பவர்கள், அந்தப் பழைய இரண்டு மதிப்பெண் கேள்வியை எடுத்துவிட்டு இதைப் போட்டுப் பாருங்கள்: கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்வதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே லாகோஸில் மனிதர்கள் பங்கு போடப்பட்டது ஏன்? ஐந்து மதிப்பெண் கொடுங்கள்.